பசியைக் குறைக்கும் கருவி: உண்மையில் வேலை செய்கிறதா?

வயிறு நிறைந்ததும் "போதும்" என்ற சேதி மூளைக்குப் போகும் முக்கிய வழி வேகஸ் நரம்பு. அதில் லேசான மின்சாரம் பாய்ச்சிப் பசியை மட்டுப்படுத்தலாமா என்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குண்டான உடம்புக்காரர்களிடம் சோதித்தார்கள்.

முதல் பெரிய சோதனையில் 294 பேர். நரம்பின் மேல் மின்முனைகளை ஆபரேஷன் செய்து பொருத்தி, மின்சாரம் தரும் கருவியை உடம்பின் வெளியே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்குச் சிகிச்சை மின்சாரம் வராது. யாருக்கு எது என்று சொல்லவும் இல்லை. ஒரு வருஷத்தில், இருக்கவேண்டியதற்கு மேலான எடையில் நிஜக் கருவிக்காரருக்கு 17 சதவீதம், மற்றவருக்கு 16 சதவீதம் குறைந்தது. அட, இதென்ன என்கிறீர்களா? சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை இரு சாராருக்கும் உண்டு. கருவி இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு! அதிக நேரம் கட்டியவர்களுக்கு, எந்தக் கருவியானாலும், அதிகம் குறைந்தது.

அடுத்து, முழுக் கருவியையும் உள்ளேயே வைத்து 239 பேரிடம் சோதித்தார்கள். 2014-இல் வெளியான முடிவு: 24 சதவீதம், 16 சதவீதம். எதிர்பார்த்த 10 புள்ளி வித்தியாசம் வரவில்லை. ஆனாலும் 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

யாராவது "இதைக் கட்டினால் பசிக்காது" என்று பெல்ட் விற்க வந்தால், சும்மா கட்டியவருக்கு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். அதை நம்பிச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.