தண்டனை முடிந்த பிறகும் கண்காணிப்பா? சட்டம் சொல்வது என்ன?

‘தண்டனையத்தான் அனுபவிச்சு முடிச்சாச்சே, இன்னும் ஏன் ஆர்டிஓ ஆபீஸுக்கு வரச் சொல்றாங்க?’ - சிறையிலிருந்து திரும்பியவர் வீட்டில் எழும் கேள்வி. ‘வெளியே வந்துட்டான், இனி எங்களுக்கு யார் பாதுகாப்பு?’ - பாதிக்கப்பட்டவர் வீட்டுக் கேள்வி. இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

நீதிமன்றம் உத்தரவிட முடியுமா?

முடியும். 3 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர், அதேபோன்ற குற்றத்தில் மீண்டும் தண்டிக்கப்பட்டால், தீர்ப்பு சொல்லும்போதே நீதிமன்றம் கூடுதலாக ஓர் உத்தரவு போடலாம். விடுதலையான பின் எங்கே குடியிருக்கிறார், எப்போது வீடு மாறுகிறார் என்பதை அவர் தெரிவிக்க வேண்டும். தண்டனைக் காலம் முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 5 ஆண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 356 ஆக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 394. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானால் இந்த உத்தரவும் செல்லாது.

அப்படியானால் ஆர்டிஓ எதற்கு?

நடைமுறையில் அதிகம் பயன்படுவது ‘110 கேஸ்’ எனப்படும் நன்னடத்தைப் பிணை. இப்போது பிரிவு 129. திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவரிடம் 3 ஆண்டு வரை பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். இதை விசாரிப்பவர் நிர்வாக நடுவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் ஆகிய மூன்று வருவாய்க் கோட்டங்களின் ஆர்டிஓக்களுக்கு அந்த அதிகாரம் உண்டு.

பத்திரத்தை மீறினால் உடனே ஜெயிலா?

இல்லை. மாநகரங்களில் போலீஸ் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் சொல்லும் துறையே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்பதே இதன் சாரம். நன்னடத்தைப் பிணையை மீறியவரை நீதித்துறை நடுவர் முன்புதான் நிறுத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

போலீஸ் ராத்திரியில் கதவைத் தட்டலாமா?

காவல் நிலையங்களின் ரவுடி பட்டியல், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸே பராமரிப்பது. அதில் பெயர் இருப்பதாலேயே இரவில் வீடு புகுந்து பார்ப்பது செல்லாது என 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்மன் வந்தால் என்ன செய்வது?

* என்ன தகவலின் பேரில், எவ்வளவு தொகைக்கு, எத்தனை காலத்துக்குப் பிணை என்பது எழுத்து மூலம் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.
* வக்கீல் வைத்துக்கொள்ளலாம். விசாரிக்காமல் இறுதி உத்தரவு போட முடியாது.
* விசாரணை 6 மாதத்தில் முடியாவிட்டால், சிறப்புக் காரணம் பதிவு செய்யாதவரை, நடவடிக்கை தானாகவே முடிந்துவிடும்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு?

மிரட்டல் வந்தால் வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல், எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிணை கோரும் நடவடிக்கைக்கு அந்தக் காகிதம் பெரிய பலம்.

கனடாவில் அபாயம் மிகுந்த குற்றவாளிகளை விடுதலைக்குப் பின் 10 ஆண்டு வரை அதிகாரிகள் நேரடியாக மேற்பார்வை செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். அங்கே கண்காணிப்போடு சிகிச்சையும் ஆலோசனையும் சேர்ந்தே வரும். நம்மூரில் முகவரியும் பத்திரமும் இருக்கின்றன. வெளியே வந்தவருக்கு வேலையும் ஆலோசனையும் தரும் ஏற்பாடு இந்தப் பிரிவுகளில் இல்லை.