வீட்டுக் கல்வி: 16 வயதுக்கு முன்பா, பின்பா?

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்கள் சில, பிள்ளைக்கு 16 வயது முடிந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கின்றன. சைல்டு பெனிஃபிட் தொடரும் என்று நினைத்துவிடுகிறோம். தொடராது. வீட்டுக் கல்வி 16-வது பிறந்தநாளுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் 20 வயதாகும் வரை கிடைக்கும். உள்ளாட்சி மன்றம் மதிப்பிட்ட சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாரம் சராசரியாக 12 மணி நேரத்துக்கு மேல், மேற்பார்வையில் படிக்கவும் வேண்டும். படிப்பு நின்றால் வருவாய்த்துறைக்கு உடனே சொல்லிவிட வேண்டும். உரிமையில்லாத பணம் ஹலால் ஆகாது, அவர்களும் திருப்பிக் கேட்பார்கள்.

ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது? பெயரை நீக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதிய கடிதத்தின் நகலைத் தேதியோடு பத்திரப்படுத்துவோம். கூடவே, தினமும் படித்த பாடத்தையும் நேரத்தையும் குறித்த ஒரு நோட்டு.