ராமர் காசும் ராஜராஜன் காசும்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைக்குட்டையில் முடிந்து ஒரு செம்புக் காசு கொண்டுவந்தாள். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஓரணா, 1818'. "சார், இதுக்கு எட்டு லட்சம் தர்றாங்களாம். முதல்ல வரியா ஆறாயிரம் கட்டணுமாம். அப்பா நாளைக்குக் கட்டப்போறார்."

அதே காசு என்னிடமும் உண்டு. நாணயம் சேர்க்கத் தொடங்கிய புதிதில், சந்தையில் 1,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தது. அன்று மாலையே அவள் அப்பாவைப் பள்ளிக்கு வரச் சொன்னேன்.

கம்பெனி இப்படியொரு காசை வெளியிடவே இல்லை. கடவுள் உருவம் இருப்பதால் அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் கம்பெனி அச்சிட்ட பகோடா பொற்காசில் திருமால் உருவம் உண்டு. ஆனால் ஓரணா நாணயம் இந்தியாவில் பொதுப் புழக்கத்துக்கு வந்ததே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1818இல் அது எப்படி வரும்? பழைய நாணயம் வாங்குவதாகச் சொல்லி முன்பணம், வரி, தரகு கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியும் 2021இல் எச்சரித்திருக்கிறது. அவர் பணம் கட்டவில்லை.

பிறகு தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கேட்டார்கள்: "அப்போ நல்ல காசை எப்படி சார் வாங்குறீங்க?"

முதலில் எடை. 1835ஆம் ஆண்டு கம்பெனி வெள்ளி ரூபாய் 11.66 கிராம். நகைக்கடைத் தராசில் வைத்தாலே பல போலிகள் பிடிபடும். அடுத்து உருப்பெருக்கி. அச்சிட்ட காசில் எழுத்து கூர்மையாக இருக்கும். வார்த்த போலியில் மழுங்கி, சிறு துளைகளோடு, விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரியலாம். தேய்ந்த காசைக் கண்டு பயப்பட வேண்டாம். புளி போட்டுத் துலக்கிய காசைத்தான் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். நம் வீடுகளில் முதலில் செய்வது அதைத்தான்!

நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எனவே உரிமம் உள்ள வணிகரிடம் ரசீதோடு வாங்குகிறேன். ஏலம் என்றால் பட்டியலில் படம், எடை, மதிப்பீட்டு விலை இருக்கும். கேட்ட விலையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும் வரியும் சேரும் என்பதை முதல் ஏலத்தில் மறந்து, அந்த மாதச் செலவில் துண்டு விழுந்தது. இப்போது உச்சவரம்பைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

வயலில் உழும்போது கிடைத்த காசு என்று யாராவது கொண்டுவந்தால் கதை வேறு. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் உள்ள சட்டம்.

மறுநாள் ராஜராஜன் செப்புக்காசு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் அரசன் பெயர். சில நூறு ரூபாய்க்கு வாங்கியது என்றதும் அந்த மாணவிக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஆயிரம் வருஷக் காசு, ஏன் சார் இவ்வளவு மலிவு?"

சோழர்கள் அவ்வளவு அச்சிட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்போ சந்தையில எவ்வளவு வியாபாரம் நடந்திருக்கும்!" என்றான் பின்வரிசைப் பையன். அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கியது. ராமர் காசு இப்போது மன்றப் பெட்டியில், 'போலி' என்ற சீட்டோடு இருக்கிறது.