பெட்டியில் 6000, கம்ப்யூட்டரில் 4800... உங்கள் ரேமின் மீதி வேகம் எங்கே போனது?

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, பேரம் பேசி ஒரு டிடிஆர்5 ரேம் வாங்கியாச்சு. பெட்டியில் கொட்டை எழுத்தில் 6000 என்று போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து மாட்டி, டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 4800! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. அந்த 6000-ஐ நீங்கள்தான் ‘ஆன்’ செய்ய வேண்டும். ஆனால், ஆன் செய்ததோடு வேலை முடிவதில்லை. அந்த வேகத்தில் உங்கள் கம்ப்யூட்டர் தப்பில்லாமல் ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

4800 எங்கிருந்து வந்தது?

மெமரிக்கான பொதுத் தரத்தை வகுப்பது ஜெடெக் என்ற அமைப்பு. டிடிஆர்5 தரத்தை 2020 ஜூலையில் வெளியிட்டது. ஒவ்வொரு ரேம் பலகையிலும் ஒரு குட்டி சிப் இருக்கும். எந்த வேகத்தில், எத்தனை வோல்ட்டில் ஓட வேண்டும் என்ற விவரம் அதில் பதிவாகியிருக்கும். நீங்கள் எதுவும் மாற்றாதவரை, மதர்போர்டு அதிலிருந்து பாதுகாப்பான ஜெடெக் வேகத்தையே எடுத்துக்கொள்ளும்.

பெட்டியில் இருக்கும் 6000, அதே சிப்பில் உள்ள தனி ‘புரொஃபைல்’. இன்டெல் உலகில் இதன் பெயர் எக்ஸ்எம்பி. ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்தது எக்ஸ்போ. பயாஸுக்குள் போய் இதைத் தேர்வு செய்தால் வேகம் கூடும். கூடவே 1.1 வோல்ட் என்ற இயல்பு அளவு, பல ரேம்களில் 1.35 வோல்ட் வரை ஏறும். பெயர் என்னவாக இருந்தாலும், இது ஓவர்கிளாக்கிங்தான்.

ரேம் கம்பெனி தன் பலகையை அந்த வேகத்தில் சோதித்திருக்கும். ஆனால் உங்கள் பிராசசரையும் உங்கள் மதர்போர்டையும் சேர்த்து வைத்துச் சோதிக்கவில்லையே! மூன்று பேர் சேர்ந்து இழுக்கும் தேர் இது. ஒருவர் தடுமாறினாலும் தேர் நின்றுவிடும்.

எண் பெரிதாக இருந்தால் போதுமா?

போதாது. பெட்டியில் ‘சிஎல்’ என்று இன்னொரு எண் இருக்கும். கேட்ட தகவலை ரேம் கொடுக்கத் தொடங்க எவ்வளவு தாமதம் ஆகும் என்பதற்கான குறி அது. அதை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் விடை கிடைக்கும்.

• 4800, சிஎல்40: சுமார் 16.7 நானோ நொடி
• 6000, சிஎல்36: 12 நானோ நொடி
• 6000, சிஎல்30: 10 நானோ நொடி
• 6400, சிஎல்32: இதுவும் 10 நானோ நொடிதான்!

பிரவுசர், எக்செல் மட்டும்தான் வேலை என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பிராசசரை நம்பி ஓடும் கேம்கள், பெரிய ஃபைல்களை ஸிப் செய்வது போன்ற வேலைகளில் தெரியும்.

விண்டோஸ் திறந்தால் பாஸா?

அதுதான் இல்லை. அடையாறில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட் செய்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்எம்பி போட்டார், விண்டோஸ் திறந்தது, கேமும் ஓடியது. இரண்டு வாரம் கழித்து ரெண்டரிங் பாதியில் நிற்கிறது. ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிய சில போட்டோக்களில் கோடு கோடாக விழுகிறது. மெமரியில் ஒரு பிட் மாறிப்போய், அந்தத் தவறோடு ஃபைல் சேவ் ஆகிவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. முகூர்த்தத்தைத் திரும்ப ஷூட் பண்ண முடியுமா?

‘டிடிஆர்5-ல் பிழை திருத்தும் வசதி இருக்கே’ என்று சிலர் சொல்வார்கள். அது சிப்புக்கு உள்ளே நடக்கும் சிறு பிழைகளுக்கு மட்டும். ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே தகவல் போகும் வழியில் வரும் தவறை அது பிடிக்காது. ஓவர்கிளாக்கிங்கில் அதிகம் திணறுவது அந்த வழிதான்.

எப்படிச் சோதிப்பது?

1. முதலில் முக்கிய ஃபைல்களுக்கு பேக்கப். பயாஸ் அப்டேட் இருந்தால், கரன்ட் போனாலும் தாங்கும்படி யுபிஎஸ் இணைப்பில் வைத்துச் செய்யவும்.

2. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யவும். முதல் முறை சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். ரேமோடு மதர்போர்டு ஒத்திகை பார்க்கும் நேரம் அது. பதறி ஆஃப் செய்ய வேண்டாம்.

3. மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யவும். விண்டோஸைத் தொடாமலே மெமரியைச் சோதிக்கலாம். இலவசப் பதிப்பில் நான்கு சுற்று ஓடும். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம்.

4. அதில் தேறினால், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி. கடைசியாக, உங்கள் வழக்கமான பெரிய வேலை ஒன்று.

விதி ஒன்றே ஒன்று: ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில். 99 மார்க்குக்கு இங்கே பாஸ் கிடையாது.

கத்திரி வெயில் கணக்கு

ரேம் தகவலைச் சின்னஞ்சிறு மின்தேக்கிகளில் மின்னூட்டமாக வைத்திருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்5-ல் 32 மில்லி நொடிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். ஆகவே மார்கழி இரவில், ஏசி அறையில் பாஸான ரேம், மே மாத மதியம் தி.நகர் மொட்டை மாடி அறையில் ஃபெயில் ஆகலாம். கிராபிக்ஸ் கார்டின் அனல் வேறு அதன் மேல் அடிக்கும். எனவே ஏசியை அணைத்துவிட்டு, பகலில் ஒருமுறை சோதிப்பது நல்லது. டிடிஆர்5 பலகையிலேயே வெப்ப சென்சார் உண்டு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ செயலியில் அளவைப் பார்க்கலாம்.

பிழை வந்தால்?

வோல்ட்டேஜை ஏற்றுவதை விட, வேகத்தை ஒரு படி இறக்குவதே புத்திசாலித்தனம். 6000 முடியாவிட்டால் 5600. ஜெடெக் வேகத்திலும் பிழை வந்தால் பலகையில், ஸ்லாட்டில் அல்லது பிராசசரில் குறை இருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிச் சோதித்துவிட்டு, வாரண்டிக்குப் போகலாம். பிராசசர் வாரண்டியில் மட்டும் கவனம்: ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பொறுப்பேற்பதைத் தவிர்க்கின்றன. 2023-ல் சில ரைசன் 7000 பிராசசர்கள் கருகியபோது, எக்ஸ்போ ஆன் செய்தால் சில மதர்போர்டுகள் கூடுதலாகக் கொடுத்த வோல்ட்டேஜ் பேசுபொருளானது. பிறகு அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பை பயாஸ் அப்டேட் மூலம் ஏஎம்டி கொண்டுவந்தது.

வாங்கும் முன்...

2025 இறுதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் பசியால் ரேம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்பதை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இந்த நேரத்தில் ‘இப்போ ஒண்ணு, அப்புறம் ஒண்ணு’ என்று வாங்கத் தோன்றும். ஆனால் தனித்தனியாக வாங்கிய பலகைகள் பெட்டியில் உள்ள வேகத்தில் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதே நல்லது. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் இன்னும் இறங்கும்: ரைசன் 7000-க்கு இரண்டு பலகையோடு 5200 என்பதே ஏஎம்டியின் அதிகாரபூர்வ அளவு. நான்கு மாட்டினால் அது 3600 மட்டுமே.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் மெம்டெஸ்ட் பென்டிரைவை நீட்டி, ‘அண்ணா, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துக்கலாமா?’ என்று கேளுங்கள். தயங்குகிற கடையைத் தாண்டிப் போக வேண்டியதுதான். பக்கத்திலேயே இன்னொரு கடை இருக்கும், அது ரிச்சி தெரு!