மானாய்ச் சுருங்கிய விலங்கு

‘டியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் யாது என வினவினால், கீழ்வகுப்பு மாணவனும் ‘மான்’ என்று தயங்காது விடை பகர்வான். விடை சரியானதே. ஆயினும், அதனோடு நின்றுவிடின் அச்சொல்லின் பாதி வாழ்வை நாம் அறியாதவராவோம் என்பது என் கருத்து.

பழைய ஆங்கிலத்தில் அச்சொல் விலங்கு என்னும் பொதுப்பொருளிலே வழங்கியது. ஜேர்மன், ஒல்லாந்த மொழிகளில் அதன் இனச்சொற்கள் இன்றும் விலங்கையே உணர்த்துகின்றன. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சிலிருந்து வந்த ‘பீஸ்ட்’ என்ற சொல் பொதுப்பெயராயிற்று. பின்னர் இலத்தீன் வழிவந்த ‘அனிமல்’ அவ்விடத்தைப் பெற்றது. அரசர்கள் காடுகளை வேட்டைக்கென ஒதுக்கிக் காத்த அந்நாட்டில், வேட்டை விலங்குகளுள் தலைமை பெற்றது மான். பழஞ்சொல்லும் மானுக்கே உரியதாய்ச் சுருங்கிற்று. மானிறைச்சியைக் குறிக்கும் ‘வெனிசன்’ என்பதும் முன்னாளில் வேட்டையிற் கிடைத்த இறைச்சிக்கெல்லாம் பொதுப்பெயரே. நாய்கள் அனைத்தையும் குறித்த ‘ஹவுண்ட்’ வேட்டைநாயளவில் ஒடுங்கியதும் இத்தகையதே.

இது வெறும் பண்டிதர் பொழுதுபோக்கன்று. சேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்தில், பித்துற்ற இரவலனாக வேடம் பூண்ட எட்கார், தான் உண்டு வாழ்ந்த எலி முதலிய சிற்றுயிர்களை இச்சொல்லாலேயே சுட்டுகிறான். அங்கே ‘மான்’ எனப் பொருள்கொள்ளும் மாணவன், எலியைத் தின்னும் ஏழையின் பசியைக் காணாது, மானிறைச்சி விருந்தையல்லவா காண்பான்!

வனாந்தரத்தைக் குறிக்கும் ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லினுள்ளும் இப்பழஞ்சொல் மறைந்து கிடக்கிறது. காட்டு விலங்குகளுக்குரிய இடம் என்பதே அதன் அடிப்பொருள்.

இனி, பன்மையிலும் ‘டியர்’ பொதுவாக வடிவு மாறுவதில்லை. ‘ஷீப்’ என்பதும் அவ்வாறே. பன்மை விகுதி ஏலாத பழைய பெயர்களின் எச்சம் இவை. இதனைக் கண்டு நம் மாணவர் மருளவேண்டியதில்லை. ‘மான் வந்தது, மான் வந்தன’ என நாமும் வழங்குகிறோமே! பால்பகா அஃறிணைப் பெயரைக் கற்ற மாணவனுக்கு இவ்வாங்கில வழக்கு அந்நியமாகத் தோன்றாது.

பொதுப்பெயர் சிறப்புப் பெயராதலும் நமக்குப் புதிதன்று. விலங்கைப் பொதுவாகக் குறிக்கும் ‘மா’ என்பது குதிரையையும் யானையையும் சிறப்பாகக் குறிக்கவும் நம் பழநூல்களில் வந்துள்ளது. எனவே, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரிய அன்பர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என எழுதிக்கொடுப்பதோடு அமையாது, அச்சொல் நடந்துவந்த வழியையும் சிறிது காட்டுவாராக. அதற்கு வேண்டிய விளக்கம் பல வேளைகளில் மாணவனின் தாய்மொழியிலேயே ஆயத்தமாக இருக்கிறது.