புக்கோம் தீவு: ஊருக்கு அப்பால் ஓர் எண்ணெய்க் களம்

தோட்டத்து லயங்களில் மின்சாரம் வருவதற்கு முன், அந்தி சாய்ந்ததும் விளக்கிற்கு மண்ணெண்ணெய் ஊற்றிய நினைவு நம் மூத்தோர் பலருக்கு இருக்கும். அம்மண்ணெண்ணெய் இவ்வட்டாரத்திற்குப் பெருமளவில் வந்த கதை, சிங்கப்பூர் நகருக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புக்கோம் தீவுடன் இணைந்ததாகும்.

முற்காலத்தில் மண்ணெண்ணெய் தகர டின்களில் அடைத்துக் கொணரப்பட்டது. அதைக் கப்பலின் தொட்டிகளிலேயே நிரப்பிக் கொணர விரும்பினார் இலண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல். ஆனால், தீ அபாயம் கருதி, நகருக்கருகே எண்ணெயைச் சேமிக்க அதிகாரிகள் இசையவில்லை. ஆகவே 1891ஆம் ஆண்டில் புக்கோம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே, சூயஸ் கால்வாயைக் கடந்த முதல் எண்ணெய்க் கப்பலான ‘மியூரெக்ஸ்’ அங்கு வந்து எண்ணெய் இறக்கியது.

சேமிப்புக் களமாக இருந்த தீவில், 1961ஆம் ஆண்டு சிங்கப்பூரின் முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஷெல் நிறுவனம் திறந்தது. நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுடன் அது தொடங்கிற்று.

சுத்திகரிப்பு என்பது யாது? கச்சா எண்ணெயைச் சூடேற்றி, உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்துவர். இலேசான ஆவி உச்சிக்குச் செல்லும். கனமானவை கீழே தங்கும். இவ்வாறு எரிவாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை படிப்படியாகப் பிரிகின்றன. சாலைக்கு இடும் தாரும் அடியில் எஞ்சும் கசடிலிருந்தே கிடைக்கிறது.

கடல் நகரைக் காத்தது. ஆயினும், நாள்தோறும் படகேறிச் சென்ற தொழிலாளரை அபாயம் விட்டு விலகவில்லை. 1974 ஜனவரி 31ஆம் நாள், ஆயுதமேந்திய நால்வர் ஆலையைத் தாக்கி, ‘லாஜு’ படகின் ஊழியர்களைப் பணயமாகப் பிடித்தனர். அவர்களை மீட்பதற்காக, தாக்கியோருடன் குவைத்துக்குப் பறந்த 13 சிங்கப்பூரர்களுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் அதிபரான திரு. எஸ். ஆர். நாதன். 2011 செப்டம்பரில், எஞ்சிய எண்ணெயை வடிக்கும் வேளையில் எழுந்த ஆவி தீப்பற்றியது. அத்தீயை அணைக்க 32 மணி நேரம் ஆயிற்று. உயிர்ச்சேதம் நேரவில்லை.

2025 ஏப்ரலில் தீவின் ஆலை ஷெல்லிடமிருந்து வேறு உரிமையாளரின் கைக்கு மாறியது. உரிமை மாறினாலும் எண்ணெயின் இயல்பு மாறாது. கண்ணுக்குத் தெரியாத ஆவியே முதலில் பற்றுகிறது. புக்கோமின் பெருந்தொட்டிக்கும் நம் வீட்டு மூலையிலுள்ள பெட்ரோல் டின்னுக்கும் பொருந்தும் உண்மை இது. ஆகவே டின்னை இறுக மூடி, அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்போமாக.