உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரகத்தில் பெயர் பதித்த கண் டாக்டர்

பள்ளியில் சிறுநீரகப் படம் வரைந்து பாகம் குறித்தவர்களுக்குப் ‘பௌமானின் கிண்ணம்’ மறந்திருக்காது. அந்தப் பௌமான் யார் தெரியுமா? விக்டோரியா மகாராணி காலத்து லண்டனின் புகழ்பெற்ற கண் அறுவை நிபுணர்!

வில்லியம் பௌமான் 1816-இல் இங்கிலாந்தின் நான்ட்விச் ஊரில் பிறந்தார். சிறுவயதில் வெடிமருந்தால் கையில் காயம். அதற்குப் பெற்ற சிகிச்சையே அவரை மருத்துவத்தின் பக்கம் திருப்பியதாகச் சொல்வார்கள்.

சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்க்குள் நிறப்பொருளைச் செலுத்தி, நுண்ணோக்கியில் அதன் பாதையைத் தொடர்ந்தார். ரத்த நுண்குழாய் முடிச்சைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையே (இதுதான் ‘பௌமானின் கிண்ணம்’) சிறுநீர் நுண்குழலாக நீள்கிறது என்று 1842-இல் விளக்கினார். ராயல் சொசைட்டி பதக்கம் தந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதைக்கூடத் தொடவில்லை.

1846-இல் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் சேர்ந்தார். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்தியதும், இங்கிலாந்தில் அதை முதலில் கையாண்டவர்களுள் பௌமானும் ஒருவர்.

கருவிழியின் மேலடுக்குக்குக் கீழே உள்ள ‘பௌமான் படலம்’ இவர் பெயரைத் தாங்கியதே. 1884-இல் பாரனெட் பட்டம் பெற்ற இவர், 1892-இல் காலமானார்.

கண்ணீர்ப் பாதை அடைத்துக்கொண்டால், இமையோரத்துச் சிறு துளை வழியாக மெல்லிய உலோகக் கம்பியை நுழைத்து அடைப்பை நீக்குவார்கள். அந்தக் கம்பிக்கு இன்றும் ‘பௌமான் புரோப்’ என்றுதான் பெயர்.